டாக்குரியாவில் ஒரு மியூச்சுவல்

1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து இருபத்தைந்து. பகல் பன்னிரண்டரைக்குப் பிடித்த மழை மூன்றே முக்காலுக்கு விட்டிருந்தது. வெயில் வரவில்லை, காற்றும் இல்லை. கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுக வாசலுக்கு எதிரே எங்கள் ஆபீஸின் சைக்கிள் ஷெட்டில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அதில் நின்றபடி பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்தேன். காற்று குறைவாக இருந்தது. பம்ப் வைத்திருந்த வாசல் காவல்காரன் நாலரைக்கே போய்விட்டான்.

"போதும் அண்ணாச்சி, டயரைப் பிதுக்காதீரும். அது என்ன மாம்பழமா?" என்றான் நண்பன்.

அவன் திருநெல்வேலிக்காரன். எனக்கு அப்போது முப்பத்து மூன்று, அவனுக்கு முப்பத்தொன்று. ஒரே செக்‌ஷன், பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒரே பதவி, ஒரே சம்பளம். லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் ஓர் அறையை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகி, பெண்டாட்டியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் திருச்சியில் இருந்தார்கள்.

தினமும் ஆபீஸ் விட்டதும் நாங்கள் சேர்ந்துதான் சைக்கிளில் திரும்புவோம். அன்று மெஸ்ஸுக்குப் போகவில்லை. அதையும் தாண்டி டாக்குரியாவுக்குப் போக வேண்டியிருந்தது. எனக்கு ஒரு மியூச்சுவல் கிடைக்கும் போலிருந்தது.

மியூச்சுவல் என்றால் என்னவென்று இப்போது பலருக்குத் தெரியாது. மத்திய சர்க்காரில் ஒரே பதவியில் வெவ்வேறு ஊரில் வேலை பார்க்கும் இரண்டு பேர், நீ என் இடத்துக்கு வா, நான் உன் இடத்துக்குப் போகிறேன் என்று ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் சர்க்கார் இருவரையும் மாற்றிவிடும். கல்கத்தாவில் இருந்த தமிழ் குமாஸ்தாக்கள் நாங்கள் பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கள் மாதிரி அதைத் தேடினோம். கோயில் வாசலில் விசாரிப்போம், இட்லிக் கடையில் சொல்லி வைப்போம். கோயமுத்தூரில் ஒரு பெங்காலி இருக்கிறாராம், மதுரையில் இருந்தவர் போன மாதம் கைநழுவிப் போய்விட்டாராம் என்று பேசிக்கொள்வோம். ஊர் பொருந்தினால் பதவி பொருந்தாது. பதவி பொருந்தினால் அந்த மனிதருக்கு அந்த ஊர் பிடித்துப் போயிருக்கும்.

எனக்குத் திருச்சிதான் வேண்டும். என் மனைவிக்கு மூச்சிரைப்பு. கல்கத்தாவில் மூன்று மழைக்காலம் பார்த்தாள். மூன்றிலும் இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தாள். மூன்றாவது தடவை டாக்டர், இந்த ஊர் ஈரக் காற்று இவருக்கு ஆகாது, வறண்ட ஊருக்கு அழைத்துக்கொண்டு போங்கள் என்றார். அவளை அனுப்ப முடிந்தது. என்னை அனுப்பிக்கொள்ள முடியவில்லை. பதினாலு மாதமாக அவள் திருச்சியில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி இப்போதெல்லாம் அரிசி டப்பாவைச் சத்தமாக மூடுகிறாள் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தாள். வேறொன்றும் எழுதவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

லேக் மார்க்கெட்டில் சாம்பார்ப் பொடியும் அப்பளமும் விற்கும் தமிழ்க் கடைக்காரர்தான் சேதி சொன்னார். "சார், உங்களுக்கு வரன் வந்திருக்கு!" என்று ரோட்டிலேயே கூப்பிட்டார். டாக்குரியாவில் ஒரு பெரியவர். ஒரே பிள்ளை. எங்கள் இலாகாவின் திருச்சி ஆபீஸில் எங்கள் பதவியிலேயே இருக்கிறான். எப்படியாவது கல்கத்தாவுக்கு வர வேண்டும் என்று துடிக்கிறான். பெரியவர் அந்தக் கடைக்கு வந்ததே, திருச்சிப் பக்கத்து ஆட்கள் யாராவது வருவார்களா என்று கேட்கத்தான்.

"ஒரு பொடிக் கடையில மாப்பிள்ளை பாத்த குடும்பம் இது ஒண்ணுதான்," என்றான் நண்பன். "பொண்ணு நீரு. தலையில பூ வச்சிக்கிடும்."

அலிப்பூர் வரைக்கும் நல்ல ரோடு. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆபீஸிலிருந்து சேத்லா பாலம் வரை என் பெடல் எழுநூற்றுச் சொச்சம் சுற்றும். நண்பன் என்னைவிடப் பலசாலி. முன்னால் போவான், நிற்பான், திரும்பி என்னைச் சுற்றி ஒரு வட்டம் போடுவான். இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கடலை எடுத்துத் தின்பான். எனக்கு அதைப் பார்க்க முடியாது. விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டால் யார் ஆஸ்பத்திரிக்கு அலைவது?

"ரெண்டு கையையும் பிடிப்பா."

"பிடிச்சா கடலை யாரு ஊட்டுவா? நீரா?"

சேத்லாவில் தண்ணீர் சக்கரத்தின் நடு ஹப் வரை ஏறியது. கல்கத்தாவில் மழைத் தண்ணீரில் சைக்கிள் விடுவதற்கு ஒரே விதிதான். நிற்கக் கூடாது. நின்றால் காலை ஊன்ற வேண்டும், ஊன்றிய இடத்தில் என்ன இருக்கும் என்று தெரியாது. மூடியில்லாத சாக்கடைக் குழிகளில் அந்தத் தெருக்காரர்கள் மரக்கிளையோ உடைந்த நாற்காலியோ செருகி வைத்திருப்பார்கள். கிளை தெரிந்தால் விலகிப் போக வேண்டும். அன்று ஐந்து கிளையும் ஒரு நாற்காலியும் பார்த்தேன். நாற்காலிக் காலில் யாரோ சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, செருப்பை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, பெடல் தண்ணீருக்குள் போய் வருவதைப் பார்த்தபடியே போனேன். என் கவலை எல்லாம் சட்டையைப் பற்றித்தான். இருந்த நான்கில் அதுதான் சலவைக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டை. பெரியவர் வீட்டுக்குப் போவதற்காகக் காலையிலேயே போட்டு வந்திருந்தேன்.

ராஷ்பிஹாரி முனையை நெருங்கும்போது மின்சாரம் போயிற்று. எதிர்பார்த்ததுதான். ஆறடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது, வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. முனையில்தான் பள்ளம். தரைக்கடி ரயிலுக்காக அந்த ரோட்டை அப்போது நெடுக வெட்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தைக் கடக்க மரப்பலகை. பக்கத்தில், அள்ளிப் போட்ட களிமண் மேடு, இரண்டு மாடி உயரம். மழையில் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. கல்கத்தாவில் அதைத் தவிர மலை கிடையாது.

நண்பன் மேட்டின் அடியில் இறங்கினான். "குத்தாலம் மலை கூப்பிடுது அண்ணாச்சி."

"இன்னைக்கு வேண்டாம். நாம போற காரியம் என்ன, நீ செய்யற காரியம் என்ன?"

"ரெண்டு நிமிசம். பெங்காலி எங்கயும் ஓடிப்போக மாட்டாரு."

சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். லாரி ஏறி இறங்கிய தடம் ஒன்று மேலே போயிற்று, அதில் செங்கல் துண்டு கொட்டியிருந்தார்கள். அவன் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்வதுண்டு. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவனை ஏற்கெனவே தெரியும். "தாதா, ஆஜ்கே படே ஜாபேன்!" என்று கத்தினார்கள். இன்று விழுவீர்கள் என்று அர்த்தம். விழவில்லை. உச்சியில் ஏறி உட்கார்ந்தான், இரண்டு காலையும் பெடலிலிருந்து விரித்துக்கொண்டான், ஒரு கூச்சல் போட்டான், அந்தத் தடத்தில் தடதடவென்று இறங்கி ரோட்டுக்கு வந்து என் முன்னால் நின்றான். செயின் கார்டு ஆடியது. முகமெல்லாம் சேறு.

"இப்ப நீரு."

எதற்காக ஒத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அந்த மாதிரி காரியம் நான் செய்ததில்லை. அன்று டாக்குரியாவில் நல்லது நடக்கும் என்று தோன்றிவிட்டது, அதனால் இருக்கலாம். அவன் என் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏற, நான் கையை ஊன்றி ஏறினேன். மேலே நின்று பார்த்தால் டிராம் கம்பிகள் கண்ணுக்கு நேராக இருந்தன. கடைகளில் ஒவ்வொன்றாக அரிக்கேன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பதினேழு வரை எண்ணினேன்.

"எண்ணுதது போதும், இறங்கும்," என்று முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

ஒன்பது நொடி இருக்கும். எலும்பெல்லாம் குலுங்கிற்று. பிரேக்கைப் பிடிக்க மறந்துவிட்டேன். வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, அது என் சத்தம்தானா என்று நினைப்பதற்குள் கீழே இருந்தேன். டீக்கடைக்காரர்கள் கை தட்டினார்கள். அந்த ஒன்பது நொடியில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. நின்றதும் பார்த்தேன். செயின் கழன்றிருந்தது. அதை மாட்டியதில் இரண்டு கையும் கறுப்பு, சட்டையில் வயிற்றுக்கு மேலே நான்கு விரல் பதிந்திருந்தது.

"திருஷ்டிப் பொட்டு," என்றான் நண்பன். "பொண்ணுக்கு வேணும்லா."

கரியாஹாட் தாண்டி, டாக்குரியா பாலத்தில் ஏறி இறங்கி, ரயில்வே ஸ்டேஷன் பக்கமாக இரண்டு சந்து திரும்பினால் பெரியவர் வீடு. ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. கீழ்த்தளத்தில் இரண்டு அறை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கியவர், ஒல்லி. எங்கள் கோலத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்ன ஆச்சு? விழுந்தீர்களா?"

"மலையேறினோம், மெஷோமஷாய்," என்றான் நண்பன், வங்காளியிலேயே. மாமா என்கிற மாதிரிதான் அந்த வார்த்தை. அவனுக்கு அந்த பாஷை நன்றாக வரும். எனக்கு ஒன்பது வருஷத்திலும் பாதிதான் வந்தது. அன்று அவர்கள் பேசியது இங்கிலீஷும் வங்காளியும் கலந்து. நான் தமிழில் எழுதுகிறேன்.

பெரியவரின் மனைவி எங்களைக் கை கழுவ அழைத்துப் போனாள். துணி சோப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஒரு கண்ணில் சதை வளர்ந்திருந்தது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பித்தான் பார்த்தாள். "திருச்சியில் ஆற்று மீன் கிடைக்குமா?" என்பது அவள் முதல் கேள்வி. காவேரியில் உண்டு என்றேன். "அவனுக்கு வாங்கத் தெரியாது. ஹோட்டலில் புளிக்குழம்பு ஊற்றுகிறார்களாம், மூன்று வேளையும்."

"மூணு வேளையும் யாரும் ஊத்த மாட்டாங்க மாஷிமா, காலைல இட்லி தருவாங்க," என்றான் நண்பன். அவள் சிரித்தாள். டீயும் சிங்காடா என்கிற சமோசாவும் வந்தன.

பெரியவர் என்னைக் கேட்டார். எந்த வருஷம் வேலையில் சேர்ந்தீர்கள், எந்தப் பதவி, நிரந்தரமா, ஏதாவது தண்டனை உண்டா. நான் தேதிவாரியாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு விசிறியை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நீங்கள் இரண்டு பேரும் ஒரே பதவி. திருச்சிக்குப் போக வேண்டியது யார்?"

நண்பன் உடனே பதில் சொல்லவில்லை. நான்கு நொடி. நான் எண்ணினேன் என்று சொல்ல முடியாது, தானாக எண்ணிக்கொண்டது. பிறகு, "இவர்தான்," என்றான். "நான் சும்மா கூட வந்தேன். எனக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது." மனைவியின் மூச்சிரைப்பு, குழந்தை, அண்ணன் வீடு எல்லாவற்றையும் எனக்குப் பதிலாக அவனே சொன்னான். நான் சொல்லியிருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. பெரியவரின் மனைவி முந்தானையால் நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவர் கடைசியாக ஒன்று கேட்டார். "இலாகாப் பரீட்சை எழுதியிருக்கிறீர்களா?"

எழுதியிருந்தேன், டிசம்பரில். முடிவு வரவில்லை. அந்தப் பரீட்சையில் தேறினால் மேல் பதவி. மேல் பதவிக்காரனுக்கும் கீழ்ப் பதவிக்காரனுக்கும் மியூச்சுவல் கிடையாது. என் மனைவி ஊருக்குப் போன பிறகு மாலைகளில் செய்ய ஒன்றும் இல்லாமல் இந்தத் தடவை ஒழுங்காகப் படித்தேன். மேல் பதவி வந்தால் அதை வைத்துத் திருச்சிக்குக் கேட்கலாம் என்று ஒரு கணக்கும் இருந்தது. படிக்கும்போது அது நல்ல கணக்காகத்தான் தோன்றியது.

"இவர் ரெண்டு தடவை ஃபெயில்," என்று நண்பன் சிரித்துக்கொண்டே சொன்னான். "இது மூணாவது."

பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் கை கொடுத்தார். துர்கா பூஜைக்குள் பிள்ளை வந்துவிட வேண்டும், பூஜை முடிந்ததும் இவளுக்குக் கண் ஆபரேஷன், நான் ஒருவன் சமாளிக்க முடியாது என்றார். பூஜை அந்த வருஷம் அக்டோபர் முதல் வாரம். கணக்குப் பண்ணிப் பார்த்தேன், எழுபத்தேழு நாளுக்குமேல் இருந்தது. தாராளம் என்று நினைத்தேன்.

திரும்பும்போது டாக்குரியா பாலத்தின் உச்சியில் நின்றோம். கீழே ரயில் ஒன்று விளக்கெரியப் போயிற்று. இரண்டு பக்கமும் ஊர் இருட்டாகக் கிடந்தது.

"உள்ளதைச் சொல்லும். பரீட்சையில எத்தனை வரும்?"

நாலு பேப்பர். ஒவ்வொன்றிலும் நாற்பது வேண்டும். பரீட்சை முடிந்த அன்றே நான் கேள்வி கேள்வியாகப் போட்டுப் பார்த்திருந்தேன். முதல் மூன்றில் ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு, அறுபத்தொன்று. நாலாவதில் முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்து நாலுக்குள்.

"அட எளவே! படிச்சுத் தொலைச்சிருக்கீரே!" தலையில் அடித்துக்கொண்டான். "சரி, நாலாவது பேப்பர்லதான் நம்ம உசிரு இருக்கு. முப்பத்தெட்டுன்னு நினைச்சுக்கிடும். ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வாரும், ஒரு தேங்கா விடுவோம்."

உடைத்தோம். இரண்டு பேருமாக நின்று, நான் தோற்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டோம். குருக்கள் எதற்கு என்று கேட்டபோது நண்பன், பரீட்சைக்கு என்று மட்டும் சொன்னான். அவர் ஜயமுண்டாகட்டும் என்று விபூதி கொடுத்தார்.

ஆகஸ்டு 25, செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. நாலாவது பேப்பரில் நாற்பத்தொன்று.

எங்கள் ஆபீஸில் தேறியவர்கள் மூன்று பேர். வழக்கப்படி செக்‌ஷன் முழுவதற்கும் ரசகுல்லா வாங்க வேண்டும். வாங்கினேன். இருபத்துநாலு பேர், ஆளுக்கு இரண்டு. எல்லோரும் வந்து முதுகில் தட்டினார்கள். நண்பன் தன் பங்கைத் தின்னவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு, "வாழ்த்துச் சொல்ல வாய் வரல அண்ணாச்சி," என்றான். சாயங்காலத்துக்குள் அதில் எறும்பு ஏறிவிட்டது.

மறுநாளே பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். நிர்வாக அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பிறகு, எழுதுவது உங்கள் இஷ்டம், ஏற்பது டெல்லியின் இஷ்டம், டெல்லி ஏற்கும் வரை நீங்கள் தேறியவர்தான் என்றார். எப்போது ஏற்பார்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பழைய பதவியில் நான் இருக்கிறேன் என்று எழுத அவரால் முடியாது. அந்த ஒரு வரி இல்லாமல் மியூச்சுவல் மனு நகராது. ஒன்றரை வாரம், தினம் காலையில் அவர் அறைக்குப் போய் வந்தேன்.

செப்டம்பர் 11 அன்று பெரியவரே ஆபீஸுக்கு வந்தார். டாக்குரியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி, குடையோடு. சேதி தெரிந்து வந்திருந்தார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்கள் தேறியது உங்கள் தப்பு இல்லை," என்றார். "எனக்கு நாள் இல்லை. உங்கள் நண்பர் தேறவில்லையே?"

அவன் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பமே போட்டதில்லை. பக்கத்து மேஜையில் தலையைக் குனிந்து ஏதோ கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தான். பெரியவர் அவனைக் கூப்பிடவில்லை. என்னிடமே சொன்னார். "நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். நான் கேட்டால் நன்றாக இருக்காது." குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலையும் சேர்ந்துதான் சைக்கிளில் கிளம்பினோம். மழை இல்லை. அலிப்பூர் வரை அவன் வட்டம் போடவில்லை, முன்னால் போகவும் இல்லை. என் பக்கத்திலேயே வந்தான். சேத்லா பாலத்தில் இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாத்தினான்.

"நீரு வேண்டாம்னு சொன்னா நான் போகல."

"நான் என்னப்பா சொல்றது?"

"ஒரு வார்த்தை சொல்லும். வேண்டாம்னு சொல்லும், இன்னைக்கோட விட்டுருதேன்."

கீழே சேறு கலங்கிய தண்ணீரில் வைக்கோல் படகு ஒன்று நகராமல் நின்றது. அவனே பேசினான். அதுவரை அவனிடம் நான் கேட்டிராத குரல்.

"எனக்கு இந்த ஊரு புடிக்கும்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். புடிக்கல அண்ணாச்சி. வந்த நாள்லேருந்து புடிக்கல. உமக்குக் குடும்பம் இருக்கு, புலம்புதீரு, கேக்கதுக்கு நியாயமா இருக்கு. எனக்கு யாரு இருக்கான்னு நான் புலம்ப? அதான் மண்ணு மேட்டுல ஏறி ஏறிக் குதிச்சேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் மனுசனா?"

ஒரு டிராம் மணியடிக்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. ஆபீஸ் விட்டுப் போகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவன் போகாவிட்டால் எனக்குக் கிடைக்கப்போவது ஒன்றும் இல்லை. அந்த இடம் வேறு யாருக்காவது போகும். இதை நான் எத்தனை விதமாகக் கூட்டியும் விடை மாறவில்லை.

"போ," என்றேன்.

"மனசாரவா?"

"இல்லை. ஆனா போ."

அவன் அழுதான். பாலத்தில், அத்தனை பேர் நடுவில். நான் அழவில்லை. எனக்கு அப்போது அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவன் மனுவில் சிக்கல் இல்லை, இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. செப்டம்பர் 30 அன்று அவனை ஹவுராவில் ரயிலேற்றி விட்டேன். டிரங்குப் பெட்டி ஒன்று, படுக்கைச் சுருள் ஒன்று. மனைவிக்கு நான் வாங்கிய இரண்டு கைத்தறிப் புடவையும் குழந்தைக்கு ஒரு மரப் பொம்மையும் அவன் பெட்டியில் போயின. அதன் பிறகு இருபது நாள் தனியாகச் சைக்கிள் விட்டேன். பிறகு அதை விற்றுவிட்டு டிராமுக்கு மாறினேன். டெல்லியிலிருந்து பதில் ஜனவரியில் வந்தது. என் மறுப்பு ஏற்கப்பட்டது. பதவி உயர்வு போயிற்று. மறுபடி நான் மியூச்சுவலுக்குத் தகுதியானவன் ஆனேன். திருச்சியில் அப்போது பெங்காலி யாரும் இல்லை.

அவன் நல்லவன். அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். திருச்சியில் மாதம் இரண்டு ஞாயிறு என் மனைவியையும் குழந்தையையும் போய்ப் பார்த்தான். அண்ணன் வீட்டைவிட்டு அவர்களைத் தனியாக ஓர் அறைக்குக் குடிவைத்தான். மருந்து வாங்கிக் கொடுத்தான். அவள் கடிதங்களில் அவன் வராத கடிதம் அபூர்வம். 'உங்கள் நண்பர் வந்தார், பாப்பாவைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து மலைக்கோட்டை வரைக்கும் கூட்டிப்போனார்.' 'உங்கள் நண்பர் வந்தார், பாப்பாவுக்கு இப்போது தானே பெடல் எட்டுகிறது.' அவனும் எழுதினான். அவன் எழுதிய பன்னிரண்டு கடிதத்துக்கு நான் எழுதிய பதில் ஐந்து. 1986இல் கல்யாணமாகி அவன் திருநெல்வேலிக்கு மாற்றல் வாங்கிப் போனான். பிறகு எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

எனக்குத் திருச்சி 1988 ஆகஸ்டில் கிடைத்தது, மியூச்சுவல் இல்லாமல், வரிசையில் என் முறை வந்து. அதற்குள் என் பெண்ணுக்கு ஒன்பது வயது. வந்த மூன்றாம் நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, லீவு எப்ப முடியுது?"

லீவு இல்லை, இனிமேல் இங்கேதான் என்றேன். உள்ளே போய் அம்மாவிடம் மெதுவான குரலில் ஏதோ கேட்டாள். அம்மா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒரு குரல் இருந்தது, அது எனக்குப் பழக்கமில்லாதது. அதில் நான் கடைசிவரை சேரவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு வந்த பெரிய மனிதரை நடத்துகிற மாதிரி மரியாதையாக நடத்தினார்கள், இன்றும் நடத்துகிறார்கள்.

மூச்சிரைப்பும் போகவில்லை. அந்த வருஷம் மார்கழியில் முதல் முறையாக அங்கே பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மார்கழியும் வரும், உங்களுக்கு எழுதவில்லை, எழுதி என்ன ஆகப் போகிறது என்றாள். கல்கத்தாவிலேயே இருந்திருக்கலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வாரம் தூக்கம் வராமல் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர்களுக்கு அனுப்பியதைச் சேர்க்கவில்லை, அது எங்கே இருந்தாலும் செலவுதான். பிரிந்திருந்ததற்கு ஆனது மட்டும். நண்பன் போனதிலிருந்து எண்பத்திரண்டு மாதம் கல்கத்தாவில் நான் தனியாக இருந்த மெஸ் அறை, சாப்பாடு, சராசரி முந்நூற்றுப் பத்து வீதம், 25,420. மணியார்டர் கமிஷன், மாதம் இருபத்தைந்து வீதம், 2,050. வருஷத்துக்கு இரண்டு தடவை வீதம் பதினாலு தடவை ஊருக்குப் போய்வந்த ரயில் சார்ஜ், 3,640. வேண்டாம் என்று எழுதிய பதவி மறுபடி வரும்வரை முப்பத்தொரு மாதம் இழந்த சம்பளம், 2,976. மொத்தம் முப்பத்து நாலாயிரத்து எண்பத்தாறு ரூபாய்.